ஒரே தட்டில் ஒன்று கொழுத்தது, ஒன்று உருகியது: திருகோணமலை வீடொன்றில் பூனைகளுக்கு உணவளவு வகுத்த நிகழ்வு ஆய்வு

திருக்கடலூர்ப் பக்கம், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள வீடு. மீன்பிடிக் குடும்பம் என்பதால் மீனுக்குக் குறைவில்லை. ஐப்பசித் தொடக்கத்தில் அங்கே இரண்டு பெரிய பூனைகள் இருந்தன. ஒன்று ஐந்து வயதுக் கடுவன். ஒரு வயதில் நலமடித்தது, அதாவது விதை நீக்கியது. எடை 6.2 கிலோ. மற்றது இரண்டு வயதுப் பெட்டை. நான்கு கிழமைக் குட்டிகள் நான்கு அதன் மடியில். எடை 2.7 கிலோ.

கடுவனின் விலா எலும்பை அழுத்தித் தேடினால்தான் விரலுக்குத் தட்டுப்பட்டது. மேலிருந்து பார்த்தால் இடுப்பு இல்லை, வயிறு பக்கவாட்டில் பிதுங்கி நின்றது. பெட்டையின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் தடவாமலே கண்ணுக்குத் தெரிந்தன. குட்டிகளின் சராசரி எடை 320 கிராம். அவற்றில் சிறியது 250 கிராம்தான். பிறக்கும்போது ஏறத்தாழ 100 கிராம் இருக்கும் குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் ஏற வேண்டும். அப்படியென்றால் நான்கு கிழமையில் குறைந்தது 380 கிராமாவது இருக்க வேண்டும்.

இரண்டு பூனைக்கும் சாப்பாடு ஒன்றுதான், தட்டும் ஒன்றுதான். “மீன் தானே குடுக்கிறம், பூனைக்கு அதைவிட வேறென்ன வேணும்?” என்று வீட்டம்மா கேட்டது நியாயமான கேள்வி. திருகோணமலையில் பெரும்பாலான வீடுகளில் பூனை வளர்ப்பது இப்படித்தான். காலையும் மாலையும் சோற்றில் மீனும் ஆணமும் பிசைந்து ஒரு தட்டு, சிரட்டையில் பால், மீன் வெட்டும்போது கேட்டு நிற்கும் வாய்க்குக் குடலும் செவுளும். இந்த வீட்டில் அதோடு கடையில் நிறுத்து வாங்கும் உலர்தீவனமும் ஒரு கிண்ணத்தில் நாள் முழுக்கக் கிடந்தது. அன்பில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் தட்டில் வைப்பதைத்தான் கணக்கு என்று எடுத்துக்கொண்டார்களே தவிர, எந்தப் பூனையின் வயிற்றுக்குள் எவ்வளவு போகிறது என்று எவரும் பார்க்கவில்லை. அளவையும் வகையையும் தீர்மானிக்க அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மூன்று நாள் நிறுத்துப் பார்த்தது

முதல் மூன்று நாளும் உணவில் எதையும் மாற்றவில்லை. கடுவனையும் பெட்டையையும் வேறுவேறு இடத்தில் விட்டு, வழமையான சாப்பாட்டை வைக்கும்போது ஒரு முறையும் மிச்சத்தை எடுக்கும்போது ஒரு முறையும் சமையலறைத் தராசில் நிறுத்தார்கள். ஒரு கிராம் வித்தியாசம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு போதும். பூனையை நிறுக்க அது போதாது. ஆள் பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறி நிற்கும் எடைத் தராசு பெரும்பாலும் 100 கிராமுக்கு ஒரு தடவைதான் எண் மாறும். மெலிய வைக்கும் பூனை இரண்டு கிழமையில் குறைவதே 100 கிராம்தான் என்பதால் அந்தத் தராசில் ஒன்றும் பிடிபடாது. இந்த வீட்டில் மீன் நிறுக்கும் தராசு வாடியிலேயே இருந்தது. அதைக் கழுவி, கூடையோடு பூனையை வைத்து, கூடையின் எடையைக் கழித்தார்கள். ஒவ்வொரு முறையும் அதே தராசு, காலையில் சாப்பாட்டுக்கு முன்.

கடுவன் ஒரு நாளில் சாப்பிட்டவை இவை. உலர்தீவனம் 55 கிராம், அதாவது 190 கலோரி. மீன், பச்சைக் குடலும் சேர்த்து, 80 கிராம், ஏறத்தாழ 104 கலோரி. சோறு 50 கிராம், 65 கலோரி. பாலும் ஆணமும் சேர்ந்து 50 கலோரி. மொத்தம் 410 கலோரிக்குச் சற்றுக் கிட்ட. (கலோரி என்று இங்கே எழுதுவது உணவுப் பொதிகளில் அச்சிடும் கிலோகலோரியைத்தான்.)

பெட்டை சாப்பிட்டது மீன் 60 கிராம், சோறு 60 கிராம், உலர்தீவனம் 15 கிராம், பால் 60 மில்லிலீற்றர். எல்லாம் கூட்டினால் 250 கலோரி.

கடை உலர்தீவனத்தின் கலோரியை எப்படி அறிவது? நிறுத்து விற்கும் தீவனத்தில் ஒட்டுத்தாள் இல்லை. கடைக்காரரிடம் கேட்டால் பெரிய பையைக் காட்டுவார். பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். காலாவதித் திகதியும் அப்போதுதான் தெரியும். இந்தப் பையில் இருந்தது: புரதம் 32, கொழுப்பு 13, நார் 3, ஈரம் 10, சாம்பல் 7 சதவீதம். ஐந்தையும் கூட்டி 100 இலிருந்து கழித்தால் மாச்சத்து 35. புரதத்தையும் மாச்சத்தையும் 3.5 ஆலும், கொழுப்பை 8.5 ஆலும் பெருக்க வேண்டும். 112, 122.5, 110.5. ஆக, 100 கிராமுக்கு 345 கலோரி. எந்தப் பையில் கலோரி அச்சிடாவிட்டாலும் இந்தக் கணக்கு உதவும். பையில் ‘முழுமையான உணவு’ என்ற சொல் இருக்கிறதா, ‘துணை உணவு’ என்று இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். துணை உணவை மட்டும் வைத்துப் பூனை வளர்க்க முடியாது. நாய்த்தீவனமும் அப்படித்தான். புரதம் குறைவு, பூனைக்குத் தேவையான டோரின் என்னும் சத்தும் அதில் இருக்கும் என்ற உறுதி இல்லை.

எவ்வளவு என்ற கணக்கு

பூனையின் அடிப்படைத் தேவையைச் சாதாரணக் கல்குலேற்றரிலேயே போடலாம். எடையைக் கிலோவில் எடுத்து மூன்று தடவை தன்னாலேயே பெருக்கவும். வர்க்கமூலக் குறியை இரண்டு தடவை அழுத்தவும். வரும் எண்ணை 70 ஆல் பெருக்கவும். 4 கிலோப் பூனைக்கு 4 × 4 × 4 = 64, ஒரு தடவை அழுத்தினால் 8, மறு தடவை 2.83, அதை 70 ஆல் பெருக்கினால் 198 கலோரி. இது சும்மா படுத்திருக்கும் உடலுக்கான அளவு. நலமடித்த பெரிய பூனைக்கு இதை 1.2 ஆல் பெருக்குவார்கள், நலமடிக்காததற்கு 1.4 ஆல். வளரும் குட்டிக்கு 2.5. பால் கொடுக்கும் தாய்க்குக் குட்டிகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 2 இலிருந்து 4 வரையும், சில வேளை அதற்கு மேலும்.

கடுவனின் கணக்கில் எந்த எடையைப் போடுவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 6.2 கிலோவைப் போட்டால் அந்தக் கொழுப்புக்கும் சேர்த்துச் சோறு போட்டதாகும். இருக்க வேண்டிய எடையைத்தான் போட வேண்டும். அதை விலாவைத் தடவி ஊகிக்கலாம். உங்கள் கையை விரித்து மேசையில் கவிழ்த்து வைத்து, புறங்கையின் எலும்புகளைத் தடவிப் பாருங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள பூனையின் விலா அப்படி இருக்கும். முட்டியைப் பொத்தி விரல் மூட்டுகளைத் தடவினால் எப்படியோ அப்படி இருந்தால் மெலிவு. உள்ளங்கைச் சதையைப் போல இருந்தால் கொழுப்பு. மிருக வைத்தியர்கள் இதை 1 முதல் 9 வரை மதிப்பிடுவார்கள். 5 நடுநிலை. 5 க்கு மேலே ஒவ்வொரு படியும் பத்து முதல் பதினைந்து சதவீதக் கூடுதல் எடை. இந்தக் கடுவன் 8 இல் இருந்தது. முப்பது சதவீதக் கூடுதல் என்று வைத்தால் 6.2 ஐ 1.3 ஆல் வகுக்க 4.8 கிலோ வரும்.

4.8 கிலோவுக்கு அடிப்படைத் தேவை 227 கலோரி. நலமடித்த பூனைக்கு அந்த எடையில் 272 போதும். அது சாப்பிட்டதோ 410. மெலிய வைக்க 227 இல் 0.8 பங்கு, 182 கலோரி.

பெட்டைக்கு 2.7 கிலோவில் அடிப்படை 147. நான்கு குட்டிகள் பாலை உச்சமாகக் குடிக்கும் மூன்றாம் நான்காம் கிழமையில் அதற்கு 440 முதல் 590 கலோரி வேண்டும். கிடைத்தது 250. பாக்கியைத் தன் தசையிலிருந்துதான் அது குட்டிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. முதுகெலும்பு தெரிந்தது அதனால்தான். “தாய் ஆச்சுது, மெலியத்தானே செய்யும்” என்று இதைக் கடந்து போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. மெலிய வேண்டியதில்லை. வேண்டியதை வேண்டிய வடிவில் வைத்தால் பால் கொடுக்கும் பூனை தன் எடையில் பெரும்பகுதியைக் காத்துக்கொள்ளும்.

பெட்டைக்கு இன்னொரு தடங்கலும் இருந்தது. சோறும் அவித்த மீனும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரிதான். 500 கலோரி சேர்க்க அது கிட்டத்தட்ட 400 கிராம், தன் எடையில் ஏழில் ஒரு பங்கை, ஒவ்வொரு நாளும் சாப்பிட வேண்டும். அந்தச் சின்ன வயிற்றுக்கு அது முடியாது. தட்டில் சோறு மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்து வயிறு நிறைந்துவிட்டது என்று வீட்டில் நினைத்தார்கள். வயிறு நிறைந்தது உண்மைதான், உடலுக்குப் போதவில்லை. அதற்குள் கடுவன் வந்து தீவனக் கிண்ணத்தையும் முடித்துவிடும்.

மீன் மட்டும் ஏன் போதாது

அளவைத் திருத்திவிட்டு அதே மீன்சோற்றைத் தொடர முடியாதா என்ற கேள்வி இந்த வீட்டில் மட்டுமல்ல, கரையோரம் முழுக்க எழும். இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பூனை இறைச்சியுண்ணி. நாயைப் போலவோ நம்மைப் போலவோ சில சத்துகளை உடலுக்குள் தானே தேவையான அளவு செய்துகொள்ளாது. டோரின் அவற்றில் முதன்மையானது. அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். 1987 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள், பூனைகளின் அந்த இதய நோய்க்கு டோரின் குறைவே காரணம் என்றும், டோரின் கொடுத்தால் இதயம் மீள்கிறது என்றும் காட்டினார்கள். அதன் பிறகே தீவனக் கம்பனிகள் டோரின் அளவைக் கூட்டின. மீனில் டோரின் இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையும். மீனை அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டால் நல்ல பங்கு அதோடு போய்விடும். மீன் அவித்த வெறும் தண்ணீரைப் பூனைக்குக் கொடுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

பச்சை மீனில் வேறு சிக்கல். சூடை, சாளை, நெத்தலி போன்ற பல மீன்களின் பச்சை உடலில், குறிப்பாகக் குடலில், தயமின் என்னும் விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதியம் உண்டு. நாள்தோறும் அதைத் தின்னும் பூனை முதலில் சாப்பாட்டை வெறுக்கும். பிறகு தள்ளாடும். தலை நெஞ்சை நோக்கிக் கவிழ்ந்தே நிற்கும், தூக்கி நிறுத்த முடியாது. கடைசியில் வலிப்பு வரும். நோய் பிடிபட்டவுடன் தயமின் ஊசி போட்டால் பெரும்பாலும் திரும்பிவிடும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து. வேகவைத்தால் நொதியம் செத்துப்போகும். மீன் வெட்டும் இடத்தில் பூனை கேட்டு நிற்பதும், கை தானாகக் குடலை எறிவதும் இங்கே யாருக்கும் கண்ணில் படாத அளவுக்குப் பழகிய காட்சி. இந்தக் கடுவனுக்கு அறிகுறி ஒன்றும் இல்லை, உலர்தீவனத்தில் இருந்த தயமின் அதைக் காத்திருக்கலாம். இருந்தாலும் முதல் நாளே நிறுத்தச் சொன்னது அந்தக் குடலைத்தான்.

சூரையின் கருஞ்சதை, சாளை போன்ற கொழுத்த மீனை மட்டுமே தின்று வரும் பூனைக்கு விற்றமின் ஈ பற்றாமல், தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அழன்று மஞ்சளாகி வலிக்கும். தொட்டாலே கத்தும். இது சூரைத் துண்டிலேயே வளர்ந்த பூனைகளில் வரும் நோய்.

குட்டிகளுக்கும் தாய்க்கும் மிக அவசரமானது கல்சியம். முள் நீக்கிய சதையில் பொஸ்பரஸ் நிறைய, கல்சியம் கொஞ்சம். இரண்டும் ஏறத்தாழச் சமமாக, கல்சியம் சற்று மேலாக இருக்க வேண்டிய இடத்தில், சதையில் பொஸ்பரஸ் பதினைந்து இருபது மடங்கு. அந்தச் சாப்பாட்டில் வளரும் குட்டி தன் எலும்பிலிருந்தே கல்சியத்தைக் கரைத்து எடுக்கும். இரண்டு மூன்று மாதத்தில் கதிரையிலிருந்து குதித்தாலே கால் முறியும். “அடிபட்டுப் போச்சு” என்று கொண்டுவரப்படும் குட்டிகளில் உண்மையில் அடிபடாதவையும் இருக்கின்றன. முள் நீக்கிக் கொடுப்பது அக்கறையால்தான், தொண்டையில் சிக்கும் என்ற பயத்தால். சின்ன மீனைப் பிரஷர் குக்கரில் முள் விரலுக்குள் நசுங்கும்வரை அவித்தால் அந்தப் பயமும் இல்லை, கல்சியமும் கிடைக்கும்.

ஆணத்தைப் பற்றி நீட்டத் தேவையில்லை. வெங்காயமும் உள்ளியும் பூனையின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். அவித்தாலும் பொரித்தாலும் அந்தத் தன்மை போகாது. சொதியும் அதில் சேர்த்திதான். கருவாடு உப்பு. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காமல் வயிற்றால் போகும்.

வகுத்த திட்டம்

கலோரியில் பத்தில் ஒன்பது பங்கு ‘முழுமையான உணவு’ என்று குறித்த தீவனம், ஒரு பங்கு அவித்த மீன். இந்த விகிதம் மாறாத வரை மீனில் எது குறைந்தாலும் தீவனம் ஈடுகட்டும். மீன் பாதியாக ஏறினால் ஈடுகட்டாது.

கடுவனுக்கு 410 இலிருந்து ஒரே நாளில் 182 க்கு இறங்கவில்லை. கொழுத்த பூனை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் விட்டால் உடற்கொழுப்பு ஈரலில் போய் அடைத்து ஈரல் பழுதாகும். மெலிந்த பூனையைவிடக் கொழுத்ததற்கே பட்டினி ஆபத்து. ஒரு நாள் முழுக்க ஒன்றும் தொடாவிட்டால் திட்டத்தைக் கைவிட்டு விரும்பியதைக் கொடுக்க வேண்டும். இரண்டாம் நாளும் சாப்பிடாவிட்டால் மிருக வைத்தியரிடம் போக வேண்டும். ஆகவே முதல் இரண்டு கிழமை 270 கலோரி: தீவனம் 70 கிராம், மீன் 20 கிராம். சோறு, பால், ஆணம், குடல் நான்கும் நிறுத்தம். அடுத்தது 220. அதன் பிறகு 182, அதாவது தீவனம் 47 கிராமும் மீன் 15 கிராமும், நான்கு ஐந்து வேளையாகப் பிரித்து.

47 கிராம் தீவனத்தைத் தட்டில் கொட்டிப் பார்த்தால் ஒரு பிடிகூட இல்லை. “இது எந்த மூலைக்கு?” என்று வீட்டம்மா கலங்கியதில் வியப்பில்லை. அதே தீவனத்தில் 60 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரோ உப்பும் வெங்காயமும் சேராத மீன் அவித்த தண்ணீரோ ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டால் இரண்டு மடங்காகும். கலோரி ஏறாது, தண்ணீரும் உள்ளே போகும். தண்ணீர் இங்கே சின்ன விஷயம் அல்ல. பூனைக்கு உணவிலிருந்து வருவதும் சேர்த்துக் கிலோவுக்கு 50 மில்லிலீற்றர் அளவு நாளுக்கு வேண்டும். உலர்தீவனத்தில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம், அவித்த மீனிலோ முக்கால் பங்குக்குக் கிட்ட. பாலைவனப் பூனையின் வழித்தோன்றல் என்பதால் தாகம் எடுத்துத் தேடிக் குடிக்கும் பழக்கமும் குறைவு. வெப்பமான கச்சான் காற்று வீசும் மாதங்களில், உலர்தீவனத்தில் மட்டும் வாழும் கொழுத்த கடுவனுக்குச் சிறுநீர் அடைக்கும் ஆபத்து உண்டு. திரும்பத் திரும்ப மண்ணில் குந்தி முக்கியும் ஒன்றும் வராவிட்டால் அது மலச்சிக்கல் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். இந்த வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்குத் தள்ளி மூன்று இடத்தில் அகன்ற மண்சட்டியில் தண்ணீர் வைத்தார்கள். கிணற்றுத் தண்ணீர் கரித்ததால் குடிக்கும் தண்ணீரையே ஊற்றினார்கள். ஊறவைத்த தீவனம் இந்த வெக்கையில் அரை மணிக்கு மேல் தட்டில் இருக்கக் கூடாது.

பெட்டைக்கும் குட்டிகளுக்கும் குட்டிகளுக்கான தீவனம். 100 கிராமில் 400 கலோரி. தாய்க்கு 500 கலோரி என்றால் 125 கிராம், ஆனால் அதை நிறுத்துக் கட்டுப்படுத்தவில்லை. பால் கொடுக்கும் பூனைக்கு மட்டும் கிண்ணம் எந்நேரமும் நிறைந்திருக்கலாம். பழைய சாப்பாட்டிலிருந்து ஏழு நாளில் மாற்றினார்கள். முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால். குட்டிகளுக்கு ஒரு பங்கு தீவனம், இரண்டு பங்கு இளஞ்சூட்டுத் தண்ணீர், கூழாகப் பிசைந்து நாளுக்கு நான்கு தடவை. கிழமைக்குக் கிழமை தண்ணீரைக் குறைத்து, எட்டாம் கிழமையில் உலர்ந்ததைக் கடிக்கப் பழக்குவது.

தவறிப்போனவை

மூன்றாம் கிழமை கடுவனின் எடை 6.24 கிலோ. குறையாதது மட்டுமல்ல, 40 கிராம் கூடியிருந்தது. கணக்கு தவறவில்லை, கணக்குக்கு வெளியே மூன்று ஓட்டைகள் இருந்தன.

முதலாவது கோப்பை. தராசில் நிறுப்பதை இரண்டாம் நாளே விட்டுவிட்டு, வீட்டில் உள்ள நான்கு பேரும் ஒரு பிளாஸ்டிக் கோப்பையால் அள்ளிப் போட்டார்கள். அதே கோப்பையை ஒவ்வொருவரும் அள்ளியதை நிறுத்துப் பார்த்தபோது ஒருவர் கையில் 14 கிராம், இன்னொருவர் கையில் 21 கிராம். அதோடு ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. இதற்கு எளிய தீர்வு ஒரு ஜாம் போத்தல். காலையில் ஒருவர் அந்த நாளுக்கான தீவனத்தை நிறுத்துப் போத்தலில் போட்டு மூடி வைப்பார். யார் கொடுத்தாலும் அதிலிருந்து மட்டும். போத்தல் வெறுமையானால் அன்றைக்கு முடிந்தது. வேறு எந்த அறிவுரையைவிடவும் இந்தப் போத்தல்தான் இந்த வீட்டில் வேலை செய்தது என்பது எம் கணிப்பு.

இரண்டாவது பெட்டையின் கிண்ணம். கொழுத்த பூனை ஏறாது என்று அதை யன்னல் கட்டில் வைத்திருந்தார்கள். அது அரிசி மூடையில் ஏறி, அங்கிருந்து யன்னலுக்குப் போய், 400 கலோரிக் குட்டித் தீவனத்தைத் தின்றுகொண்டிருந்தது. பழைய பலகைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, பெட்டையின் தோள் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை வெட்டி, கிண்ணத்தை உள்ளே தள்ளி வைத்தார்கள். ஓட்டையின் விளிம்பை அரத்தாளால் தேய்க்காவிட்டால் முலைக்காம்பு கீறுப்படும். கடுவனின் தலை போனது, வயிறு போகவில்லை. ஒரு மாதம் கழித்து அது மெலியும்போது இந்தப் பெட்டி காவலுக்கு உதவாது என்பதையும் அப்போதே சொல்லி வைத்தோம்.

மூன்றாவது பக்கத்து வீடு. அங்கே உள்ள அக்கா தினமும் பின்னேரம் ஒரு துண்டுப் பாரை கொடுப்பது வழமை. “வாசல்ல வந்து நிக்கிறதை எப்பிடித் துரத்துறது?” என்றார். துரத்தச் சொல்லவில்லை. கடுவனின் 15 கிராம் அவித்த மீனை அவரிடமே கொடுத்து, அதைக் கொடுக்கச் சொன்னார்கள். அவர் கையால் கொடுப்பதும் நின்றுவிடவில்லை, கணக்கும் உடையவில்லை.

குட்டிகளுக்கு ஐந்து கிழமை வயதில் வயிற்றால் போனது. கூழைத் தண்ணீருக்குப் பதில் பசும்பாலில் கரைத்திருந்தார்கள். பாலை நிறுத்திய இரண்டாம் நாள் சரியானது. அப்போதே மிருக வைத்தியரிடம் காட்டி, எடைக்கேற்ற பூச்சி மருந்தும் கொடுக்கப்பட்டது. தாய்ப்பாலோடு வட்டப்புழு வருவதால் இந்த வயதுக் குட்டிக்கு அது வேண்டியதே. 250 கிராம் குட்டியை மற்றவை தள்ளிவிட்டதால் அதற்குத் தனித் தட்டு. எல்லாம் சாப்பிட்டு முடித்த பிறகு அதைத் தாயிடம் தனியே விட்டார்கள்.

வாடை தொடங்கியபின்

கார்த்திகையில் வாடைக்காற்றோடு கடல் கலங்கியது. வள்ளங்கள் கரையிலேயே கிடந்தன. போன வருடங்களில் இந்த மாதங்களில் பூனைக்கு வெறும் சோறும் ஆணமும், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் அடைத்த ரின்மீனும்தான். இந்த முறை உணவில் பத்தில் ஒரு பங்கு மட்டும் மீனாக இருந்ததால் அந்த 15 கிராமுக்குப் பதில் 6 கிராம் தீவனத்தைக் கூட்டினார்கள், வேறு மாற்றமில்லை. மழை ஈரத்தில் திறந்த பைத் தீவனம் பூஞ்சணம் பிடிக்கும், கொழுப்பும் காறிப்போகும். ஒரு மாதத்துக்கு மேற்படாத அளவே வாங்கி, இறுக்கி மூடும் வாளியில் வைத்தார்கள்.

எடைகள் இப்படி வந்தன. கடுவன் மூன்றாம் கிழமை 6.24, ஆறாம் கிழமை 6.08, ஒன்பதாம் கிழமை 5.93, பன்னிரண்டாம் கிழமை 5.77 கிலோ. கிழமைக்கு 50 கிராமை ஒட்டிய இறக்கம். உடலெடையில் கிழமைக்கு அரை முதல் ஒரு சதவீதம் என்ற பாதுகாப்பான எல்லைக்குள் இது நிற்கிறது. இன்னும் வேகமாக இறக்கலாமே என்ற ஆசை வீட்டில் வந்தது, வேண்டாம் என்றோம். பெட்டை மூன்று கிழமையில் 2.75, பன்னிரண்டில் 3.2. குட்டிகளின் சராசரி எட்டுக் கிழமை வயதில் 740 கிராம். சின்னக் குட்டி 640 இல் நின்றது. 740 கிராம் குட்டிக்கு நாளுக்கு 140 கலோரி, அதாவது குட்டித் தீவனம் 35 கிராம்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். தீவனத்துக்குக் காசு இல்லாமல்தான் சோறு போடுகிறோம் என்பது பல வீடுகளில் உண்மை. இந்த வீட்டுக் கடுவன் முன்பு 55 கிராம் தீவனத்தையும் அதற்கு மேல் மீன்சோற்றையும் தின்றது. இப்போது 47 கிராம். அதன் பங்கில் செலவு குறைந்தது. தாய்க்கும் குட்டிக்கும் ஏறியது, ஆனால் தாய்க்கு ஏறியது பால் மறக்கும் வரைக்கும்தான்.

தீவனமே வாங்க முடியாத வீட்டில், கெடுதியைக் குறைக்கும் தட்டு இது: முள்ளோடு குக்கரில் அவித்த நெத்தலியோ சூடையோ, கிடைக்கும் நாளில் கோழி இதயமும் சதையும், கிழமைக்கு இரண்டு மூன்று அவித்த முட்டை, அவித்த தண்ணீர், சோறு தட்டில் கால் பங்குக்கு மேற்படாமல். முள்ளில்லாத சதையாக இருந்தால் 500 கிராமுக்கு அரைத் தேக்கரண்டி முட்டைக்கோதுத் தூள், காயவைத்து மாவாக அரைத்தது. ஈரல் கிழமைக்கு ஒரு சிறு துண்டு. நாள்தோறும் ஈரல் தின்றால் விற்றமின் ஏ மிகுந்து கழுத்தெலும்புகள் ஒட்டிப்போகும். உப்பு, மிளகாய், வெங்காயம், உள்ளி இல்லாமல், வீட்டுக் கறிக்கு முன்பே தனியாக எடுத்து அவிக்க வேண்டும். இது முழுமையான உணவு ஆகாது. வளரும் குட்டிக்கு இதை மட்டும் நம்பக் கூடாது, ஆறு மாதம் வரையாவது குட்டித் தீவனத்தைக் கொஞ்சமாவது சேர்க்க வேண்டும்.

பன்னிரண்டாம் கிழமையின் முடிவில் இரண்டு காரியம் பாக்கி. பெட்டைக்குப் பால் வற்றிவிட்டதால் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினைப்படும் என்பதால் இதைத் தள்ளிப்போட முடியாது. சிகிச்சைக்குப் பின் உணவுத் தேவை ஏறத்தாழக் கால் பங்கு குறையும், பசி கூடும். கடுவன் கொழுக்கத் தொடங்கியதும் நலமடித்தபின் யாரும் அளவைக் குறைக்காததால்தான். 3.2 கிலோவுக்கு 1.2 மடங்கில் 200 கலோரி, 58 கிராம் தீவனம். அதற்கும் ஒரு போத்தல் தயாராக இருக்கிறது. கடுவன் 4.8 கிலோவைத் தொட இன்னும் ஐந்து மாதம் வரை ஆகும். தொட்டவுடன் 272 க்குத் தாவாமல் 220 இல் தொடங்கி, இரண்டு கிழமைக்கு ஒரு தடவை நிறுத்து, எடை நிற்கும் இடம் வரை 10 கலோரி, அதாவது 3 கிராம் வீதம் ஏற்ற வேண்டும். போத்தலின் மேல் ஒட்டிய கடதாசியில் அந்த எண்ணை மாற்றி எழுதுவது வீட்டின் மூத்த மகளின் பொறுப்பு.